இடது கால், மூன்றாம் விரல்

சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நான் ஆலங்குளத்தில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து என் தலையைத்தானே பார்க்கிறீர்கள். இருபத்தாறு வயசு, மடியில் ஐந்து மாதப் பிள்ளை, தலையில் பள்ளிக்கூடத்துச் சிறுமி மாதிரி ரெட்டைச் சடை. அதையும் மடித்துக் கட்டிக் கறுப்பு ரிப்பன். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்கும்போது தலையை ஒருமுறை, பிள்ளையை ஒருமுறை பார்த்தார். வேண்டுதல் ஒன்றும் இல்லை. சுத்தத்துக்காகத்தான்.

நான் பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே கான்வென்ட். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஒழுங்கு என்றால் ஒழுங்கு. தினமும் அசெம்பிளிக்கு முன்னால் செக்கிங் உண்டு. ரிப்பன், சடை, காது, கழுத்து, நகம், பெல்ட், சாக்ஸ், ஷூ. மேலேயிருந்து கீழே. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் வகுப்புக்குச் செக்கிங் என் பொறுப்பு. நாற்பத்தெட்டு பேரை ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவேன். "தாரிணி கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று சிஸ்டர் ஃபிலோமினா எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். சாக்ஸ் வெள்ளையாக இருக்க வேண்டும், முட்டிவரை இழுத்துவிட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். சாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது பார்ப்பார்களா? கால்தான் இருக்கும்.

என் நாத்தனார் இசக்கியம்மாள் என்று ஒருத்தி. திருநெல்வேலியில் நர்சிங் காலேஜில் இரண்டாம் வருஷம். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் தமிழ் மீடியம். மார்கழி மாதம் லீவு விட்டதும் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கைக்குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பரிசோதித்து, ரெக்கார்டு நோட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தது. இங்கிலீஷும் எங்கள் வீட்டில் இருந்தது.

நான் நல்லவிதமாகத்தான் நடத்தினேன். நான் சமைக்கும்போது அவள் தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பாள். நான் ஒரு கையால் கிண்டிக்கொண்டே வாசித்து அர்த்தம் சொல்வேன். உச்சிக்குழி தட்டையாக இருக்க வேண்டும், பள்ளம் விழுந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. காதின் மேல்நுனி கண்ணின் ஓரத்துக்கு நேராக இருக்க வேண்டும். தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். விரலை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். உள்ளங்காலை ஓரமாக வருடினால் கைக்குழந்தைக்கு விரல்கள் விசிறி மாதிரி விரியும், பெரியவர்களுக்கு மடங்கும்.

"விசிறி மாதிரியா மதினி? அஞ்சு விரலுமா?" அவளுக்கு அது ஒன்றுதான் பிடித்திருந்தது. "நம்ம நிலவனுக்கு அதை நான் பாக்கணும்."

"கால் கடைசியில்தான் வரும். முதலில் தலையைப் படி."

"கைப்பிள்ளைக்கு அப்படி இல்ல மதினி. எங்க மேடம் சொல்லுவாங்க, தூங்குதப்பவே நெஞ்சக் கேட்டுரணும், வாயும் காதும் கடைசில பாக்கணும், இல்லன்னா அழுதுரும்னு. இந்தா, புஸ்தகத்துலயும் போட்டிருக்கு."

"தலைப்பு என்ன போட்டிருக்கிறது, இசக்கி?"

"தலை முதல் கால் வரை."

"அப்புறம்?"

அவள் பக்கத்தைத் திருப்பித் தலைக்குப் போனாள். ஒரு இங்கிலீஷ் சொல்லை வாயில் வைத்து மென்றுகொண்டிருப்பாள், நான் சொன்ன பிறகுதான் அது வெளியே வரும். நான் சிரித்தது உண்மைதான். அவளும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "மதினி, நீங்க வாசிச்சா நோயே எந்திரிச்சு நின்னு குட் மார்னிங் சொல்லும்" என்பாள். ஒருநாள் தட்டிலிருந்து ஒரு முடியை உருவி, விளக்குக்கு நேரே தூக்கிப்பிடித்து, "ரசத்துல ஒரு முழம் கிடந்துச்சு மதினி" என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் மாதத்தில் முடி கொட்டும். உங்கள் மடியிலும் ஒன்று இருக்கிறதே, உங்களுக்கும் கொட்டியிருக்கும். அதையெல்லாமா தூக்கிக் காட்டுவார்கள்? அவளுக்கு மட்டும் முடி இல்லையா? சுருட்டை முடி, அது வேறு விஷயம்.

ஆனால் அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்துப்போனது. மூன்று மாதமாக இந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே என்ன கெட்டுப்போகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒரு வரிசை கிடைத்துவிட்டது. நான் பயந்தாங்கொள்ளி இல்லை. படுத்த பிறகும் நாலைந்து தடவை எழுந்து அவன் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன், அது பரிசோதனை. என் வீட்டுக்காரர் கயத்தாறுப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறார், எண்பது மீட்டர் உயரம் ஏறி இறங்குகிற மனுஷர். அவர் சொல்வார், "அவன் மூச்சு விடுதான் தாரிணி, நீ கொஞ்சம் விடு." கிண்டல். நான் கட்டம் போட்டு ஒரு தாள் தயார் செய்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். காலை, மதியம், மாலை. தலை, கண், காது, மூக்கு என்று வரிசையாக டிக் போடுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.

புதன்கிழமை தடுப்பூசி. பதினான்காம் வாரம், இரண்டு தொடையிலும் ஊசி. மார்கழிக் கூதலில் வெளியே கொண்டுபோகிறோம் என்று ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ் எல்லாம் போட்டேன். அந்தச் சாக்ஸை மெஷினில்கூடப் போடுவதில்லை. மற்றவர்கள் துணியோடு சேரக்கூடாது என்று என் குளியலறையில் நானே கையால் துவைத்து, நானே காயப்போட்டு, நானே போட்டுவிட்டது. அந்த வீட்டில் அதைவிடச் சுத்தமான பொருள் கிடையாது.

ஊசி போட்டுவந்த அன்று சாயங்காலம் அழ ஆரம்பித்தான். ஊசி போட்டால் அழத்தானே செய்யும்? லேசாகக் காய்ச்சல். சொட்டு மருந்து கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது, அழுகை இறங்கவில்லை. காய்ச்சல் பிள்ளையைக் குளிப்பாட்டக்கூடாது என்று குளிப்பாட்டவில்லை. லங்கோடு மாற்றுவேன், பால் கொடுப்பேன், தோளில் போட்டு நடப்பேன். வியாழக்கிழமையும் அழுதான். அது சாதாரண அழுகை இல்லை, மூச்சு பிடித்து, முகம் நீலம் பாரித்து, பிறகு வீல் என்று. வாசலில் காய் விற்கிறவள்கூட உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சாக்ஸைக் கழட்டிப் பாப்பமா மதினி? இடது காலை மட்டும் உதறிக்கிட்டே கிடக்கான்."

"காய்ச்சல் பிள்ளை. கூதல் அடிக்கிறது. உனக்கு விசிறி பார்க்க வேண்டும், அதற்குத்தானே?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. ரெக்கார்டு திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், என் கை இல்லாமல் அது முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இப்படி வா. நான் பார்க்கிறேன், நீ கவனி" என்றேன். அழுகிற பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி ஆரம்பித்தேன். உச்சிக்குழி சரி. கண் சரி. காது சரி. வாய், அழுவதால் நன்றாகவே தெரிந்தது. கழுத்து, நெஞ்சு, வயிறு, தொப்புள், முதுகு. வரிசை தவறவே இல்லை. தொடைக்கு வந்தேன். பார்த்தால் இடது தொடையில் ஊசி போட்ட இடம் சிவந்து, கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டியாக இருக்கிறது!

"கண்டுபிடித்துவிட்டேன்" என்றேன். "இதுதான். இதற்குத்தான் காலை உதறுகிறான்."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது பாருங்கள். பிள்ளையை மூடிப் போர்த்தி அவள் கையில் கொடுத்துவிட்டு, உடனே உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். சிஸ்டர் நான்கு கோடு நோட்டில் பழக்கிய, எழுத்தோடு எழுத்து சேர்கிற இங்கிலீஷ் கையெழுத்து. தலை முதல் தொடை வரை நான் பார்த்ததெல்லாம் எழுதினேன். கீழே இன்னும் மூன்று கட்டம் இருந்தது. முழங்கால், பாதம், விரல்கள். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று அவள் மேடமே சொல்லியிருக்கிறாராம். 'விரல்கள் பத்து. நிறம் இயல்பு. வெதுவெதுப்பு' என்று நிரப்பினேன். அவள் வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் நிரப்புவார்களாம், அவளே சொல்லியிருக்கிறாள். பத்து விரலோடு பிறந்த பிள்ளைக்குப் பத்து விரல்தானே இருக்கும்?

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் நின்று அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்தாள். "எழுத்து முத்து முத்தா இருக்கு மதினி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளை அவள் தோளில் வீல் வீல் என்று அழுதுகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை நான் தலைக்குக் குளிக்கப் போனேன். மூன்று நாளாகப் பிசுபிசுத்த தலை. பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கும்போது, "மதினி" என்று ஒரு குரல். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன். மெதுவாக, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "மதினி, வெளிய வாங்க" என்றாள்.

பிள்ளையை உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் ஜன்னல் வெயிலில் கிடத்தியிருக்கிறாள். தொப்பி அங்கே, ஸ்வெட்டர் இங்கே. எனக்கு வந்த கோபம்! "காலிலிருந்தா ஆரம்பித்தாய்?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். சத்தியமாக, அதுதான் என் வாயிலிருந்து வந்தது.

அவள் விரலைக் காட்டினாள். இடது கால், மூன்றாம் விரல். நாவல்பழ நிறம். பக்கத்து விரலைவிட இரண்டு மடங்கு பருத்து, அடியில் நூல் கட்டி இறுக்கின மாதிரி ஒரு வெட்டு. நூலைக் காணோம். சதைக்குள் புதைந்துவிட்டது.

நான் கத்தரிக்கோலைத் தேடி ஓடினேன். இசக்கி என் கையைப் பிடித்துவிட்டாள். "நாம தொடக்கூடாது மதினி. வெட்டுனா விரல் வெட்டுப்பட்டுரும். ஆட்டோவக் கூப்பிடுங்க." நைட்டி மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தலையில் ஷாம்பு நுரையோடு ஆட்டோவில் ஏறினேன். கான்வென்டில் படித்தவள்.

பிள்ளை டாக்டர் ஒரு அம்மா. தலையில் விளக்கும் கண்ணில் பூதக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு குனிந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, நுனி மட்டும் இருக்கிற ஒரு சின்னக் கத்தியால் எதையோ தூக்கி, வெட்டி, இடுக்கியால் இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். வெள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்.

"முடிம்மா. சாக்ஸ் உள்ள ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். பிள்ளை காலை உதற உதற இறுகிக்கிட்டே போகும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா விரல் நமக்கு இல்ல."

நீளமான முடி. சுருட்டை இல்லை. யாருடைய முடி என்று யாரும் கேட்கவில்லை. அங்கே இருந்த நர்ஸ் ஒருத்தி என் தோளில் சொட்டிக்கொண்டிருந்த தலையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரில் எத்தனை பேருக்கு நீள முடி இருக்கிறது, சொல்லுங்கள்.

"யார் கண்டுபிடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கி, "மதினிதான் டாக்டர் எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. சாக்ஸ், துணி எல்லாத்தையும் கழட்டித்தான் பாக்கணும்னு புஸ்தகத்துல இருக்குன்னு" என்றாள்.

அது உண்மைதான். புத்தகத்தில் இருக்கிறது, வலது பக்கம், மேலேயிருந்து நாலாவது வரி. நான்தான் வாசித்தேன். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "நல்ல வேளைம்மா" என்றார். நானும் தலையாட்டினேன்.

விரல் பிழைக்குமா என்று உடனே சொல்ல முடியாது, நிறம் திரும்புகிறதா பார்க்கலாம் என்று உட்காரவைத்தார்கள். அழுத்திவிட்டால் இரண்டு விநாடி, அதுவும் நான் படித்துக் காட்டியதுதான். இசக்கி அந்த விரல் நுனியை மெதுவாக அழுத்திவிட்டாள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதுவரை எண்ணினேன். மறுபடி அழுத்தினாள். பதினாறு. பிள்ளை அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளில் முதல்முறையாகச் சும்மா பார்த்தான். மறுபடி. ஒன்பது. அவளும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள், தமிழில். ஐந்து வந்தபோது எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ஷாம்பு. சரியாக அலசாமல் வந்துவிட்டேன் இல்லையா.

பிழைத்துவிட்டது. பாருங்கள், இதோ, வெறும் கால்தான், என் பிள்ளைக்கு இப்போது சாக்ஸே கிடையாது. அடியில் மோதிரம் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். வளர வளரப் போய்விடுமாம்.

என் மனசு ஆறாதது வேறு ஒரு விஷயத்தில். வீட்டுக்கு வந்தோம். பிள்ளை தூங்கினான். நான் தலையை அலசிவிட்டு வந்து பார்த்தால், இவள் ரெக்கார்டு நோட்டிலிருந்து என் பக்கத்தை நறுக்கென்று கிழித்துக்கொண்டிருக்கிறாள்! ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம்.

"ஏண்டி கிழிச்சே?"

"அது பொய் மதினி."

"ஒரு எழுத்துப்பிழை காட்டு."

"எழுத்தெல்லாம் சரிதான்" என்றாள். "விரலைத்தான் பாக்கலை."

எப்படிப் பேசுகிறாள் பாருங்கள். சாப்பாடு போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, டாக்டரிடம் நல்ல பெயரும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளே உட்கார்ந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டி, புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். கோழி கிளறின எழுத்து. மூன்று இடத்தில் ஸ்பெல்லிங் தப்பு, நான் எண்ணினேன். சொல்லலாம் என்று போனேன். போய் நின்று வாசித்தேன். பாதம் என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் நுணுக்கி எழுதியிருந்தாள். எந்த விரல், என்ன நிறம், எத்தனை மணிக்குப் பார்த்தது, எத்தனை மணிக்கு ஆட்டோ ஏறியது. யாருடைய முடி என்று மட்டும் எழுதவில்லை. நான் தப்பைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

இப்போது அவள் காலேஜுக்குத்தான் போகிறேன். அந்த மேடமே கூப்பிட்டுவிட்டிருக்கிறார். பிள்ளையையும் அம்மாவையும் வகுப்புக்கு அழைத்து வர முடியுமா என்று. அறுபது மாணவிகளாம். என் கையெழுத்தைப் பற்றி இசக்கி ஏதாவது சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மதினி, பிள்ளை காலைக் காட்டுனாப் போதும்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், மேடை என்றால் எனக்குப் பழக்கம். இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேசத் தயார் செய்கிறேன். அந்தக் கிழித்த பக்கம்கூடக் கைப்பையில்தான் இருக்கிறது, எழுத்து அழகாக இருக்கிறதே என்று எடுத்துவைத்தேன். பேச்சுக்கு முதல் வரி எழுதிவிட்டேன். 'இந்தப் பக்கத்தை எழுதியவள் நான்' என்று. நாலு நாளாக இரண்டாவது வரி வரமாட்டேன் என்கிறது.

இது எந்த இடம்? சீதபற்பநல்லூர் தாண்டிவிட்டதா?

உங்கள் பாப்பா மாறாந்தையிலிருந்தே அழுகிறாள். நான் கவனித்துக்கொண்டேதான் வருகிறேன். பசியாகத்தான் இருக்கும், நீங்கள் சொல்வது சரி. இல்லை, ஜன்னல் காற்றாக இருக்கும். எத்தனையோ காரணம் இருக்கும். ஆனால் அவள் வலது காலை மட்டும்தான் உதறுகிறாள் பார்த்தீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையை இப்படி என் மடிப்பக்கம் சாயுங்கள். இல்லை இல்லை, தொப்பியைக் கழற்ற வேண்டாம். தலை எங்கேயும் போய்விடாது.

முதலில் அந்தச் சாக்ஸைக் கழற்றுங்கள்.